கல்கண்டுப் புள்ளி: சேலத்து ஜவுளிக்கடைத் தொடர் ஒன்றின் பெயரெழுத்து

உள்ளங்கை அகலத்தில் ஒரு துத்தநாகத் தகடு, அடியில் அதை ஆணியடித்த மரக்கட்டை. அச்சகத்தார் அதை ‘பிளாக்’ என்பார்கள். 2019-ன் தொடக்கத்தில் ஒரு மாலை, பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த அந்தப் பிளாக்கை என் மேசைமேல் வைத்துவிட்டு, கடைக்காரக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பெண் கேட்டார்: “அண்ணா, இது எங்கள் கடை எழுத்துதானா? அப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லை.”

பிளாக்கில் எழுத்து இடம் வலமாகத் திரும்பி இருக்கும். பள்ளங்களில் பழைய மை கல்லாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் தொட்டுப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, ஸ்டாம்ப் மை தடவி, வெள்ளைத்தாளில் அழுத்தினேன். முதல் தடவை பாதிதான் விழுந்தது. இரண்டாம் தடவை முழுப்பெயரும் வந்தது. னகரமும் லகரமும் பழைய ஐகார வடிவத்தின் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. இரண்டு மெய்யெழுத்துகளின் தலையிலும் இருந்த புள்ளி வட்டமாக இல்லை. சாய்சதுரமாக, ஓரம் கூர்மையாக, வெட்டிவைத்தாற்போல் இருந்தது.

இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

கடை, சேலம் சின்னக்கடை வீதியில் ஒற்றைக் கடையாகத் தொடங்கி, இன்று ஆத்தூர், ஓமலூர், இராசிபுரம், ஏற்காடு என்று சேலத்தோடு சேர்த்து ஐந்து இடங்களில் இருக்கிறது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி முழுப்பெயரை எழுதவில்லை. பெயரின் பிற்பகுதி ‘விற்பனைச் சாலை’. வி, ற், ப, னை, ச், சா, லை. இந்த ஏழு எழுத்துகளே இந்த ஆய்வுக்குப் போதும். இரண்டு புள்ளி, இரண்டு ஐகாரம், ஒரு மேல்விலங்கு, ஒரு துணைக்கால். தமிழில் பெயர்ப்பலகை எழுதுகிறவன் சந்திக்கிற சிக்கல்களில் பெரும்பாலானவை இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

தூரிகையில் பிறந்தது

கடையைத் தொடங்கிய பெரியவர் அம்மாப்பேட்டைத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வெண்பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும்தான் முதல் சரக்கு. முதல் பெயர்ப்பலகையை எழுதிய ஓவியர், ஏற்காடு செல்லும் சாலையில் 1935-ல் டி.ஆர்.சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்தில் திரைச்சீலை எழுதுகிறவர்களிடம் தொழில் பழகியவர். இதை எனக்குச் சொன்னவர் அந்த ஓவியரின் சீடர். எண்பதைத் தொடும் வயதில், சேலத்தின் குகை என்ற பகுதியில் இருக்கிறார். இந்த வரலாற்றில் அவர் மறுபடியும் வருவார்.

தகரப் பலகை, மரச்சட்டம், மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து, வலப்பக்கம் விழும் கருப்பு ஷேடு. நூலில் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, இரு முனையையும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் மேல்கோடும் கீழ்க்கோடும் விழும். அந்த இரண்டு கோட்டுக்குள் உடல், மேலே விலங்குக்கும் புள்ளிக்கும் இடம், கீழே றகரத்தின் வாலுக்கு இடம். பட்டை பிரஷை ஒரே சாய்வில் பிடித்து எழுதினால் இறங்கும் கோடு தடிக்கும், படுக்கைக் கோடு மெலியும். அதே சாய்வில் பிரஷைப் பலகைமேல் ஒருமுறை அழுத்தி எடுத்தால் சாய்சதுரம் விழும். புள்ளி பிறந்தது இப்படித்தான். வட்டப் புள்ளி வேண்டுமென்றால் பிரஷை மாற்றவேண்டும், அல்லது சுழற்றவேண்டும். சினிமா வேலையில் பழகிய கைக்கு அதற்கு நேரம் கிடையாது. வேகத்துக்காகச் செய்தது, பார்க்க அழகாகவும் அமைந்துவிட்டது.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அச்சகத்தில் பிளாக் எடுத்திருக்கிறார்கள். பில் புத்தகம், தீபாவளி நோட்டீஸ், மஞ்சள் பை மூன்றிலும் ஒரே எழுத்து. ‘லோகோ’ என்ற சொல்லை அந்தப் பெரியவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

துதிக்கை போனது

இளையோருக்காக ஒரு விளக்கம். ணை, லை, ளை, னை ஆகிய நான்கிலும் இன்று நாம் எழுதும் இணைக்கொம்பு முன்பு கிடையாது. எழுத்தின் இடத்தோளிலிருந்து ஒரு வளைவு யானைத் துதிக்கைபோல மேலே எழும்பி, எழுத்தோடு ஒட்டியே நிற்கும். கை, சை, தை எல்லாவற்றுக்கும் தனிக்கொம்பு, இந்த நான்குக்கு மட்டும் துதிக்கை. ணா, றா, னா என்ற மூன்றும் அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும் இப்படியே தனிவழியில் போயின. பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ இதழில் சீர்திருத்திய எழுத்தை அச்சிடத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1978 அக்டோபரில், இந்தப் பதின்மூன்று எழுத்துகளையும் சீர்திருத்தி அரசு ஆணை பிறப்பித்தது.

சேலம் இதற்குத் தொலைவான ஊர் அல்ல. நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதே 1944-ல் இங்கே நடந்த மாநாட்டில்தான். ஆனாலும் கடைக்காரர் ஒருவர் பலகையை மாற்றுவது பெயிண்ட் உரியும்போதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் உரிந்தது. எழுத வந்தவர் பழைய ஓவியரின் சீடர்.

அவர் சந்தித்த சிக்கலை யாரும் அன்று பெயரிட்டுச் சொல்லவில்லை. பலகையின் நீளம் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட தூரம், அதை மாற்ற முடியாது. துதிக்கை, எழுத்தின் தோளிலேயே ஏறிக்கொள்வதால் அதிக இடம் கேட்காது. இணைக்கொம்பு அப்படி இல்லை, ஏறத்தாழ ஓர் எழுத்தின் அகலத்தைக் கேட்கும். ஏழு எழுத்துப் பெயரில் இரண்டு இடத்தில் அது நுழைந்ததும், ஒன்பது எழுத்தின் அகலம் தேவைப்பட்டது. எழுத்தின் உயரத்தைக் குறைக்கலாம், அல்லது எல்லா எழுத்தையும் ஒடுக்கலாம். உயரத்தைக் குறைக்க முதலாளி சம்மதிக்கவில்லை. எனவே பகரத்தின் வயிறு ஒடுங்கியது, சகரத்தின் கால் உடலோடு நெருங்கியது, கொம்பின் இரண்டு சுழிகளும் சிறுத்தன. அரசாணை ஒன்று சின்னக்கடை வீதியின் தகரப் பலகையில் ஒரு பகரத்தின் வயிற்றைப் பிடித்து இறுக்கியதை, பழைய புகைப்படங்கள் இரண்டை அருகருகே வைத்தபோதுதான் கண்டேன்.

சீர்திருத்தத்தின்மேல் எனக்குக் குறை இல்லை. குழந்தைகளுக்கும் தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் அது பெரிய விடுதலை. ஆனால் எழுத்தின் வடிவம் மாறும்போது அதன் அகலமும் மாறுகிறது, அகலம் மாறினால் சொல்லின் நடை மாறுகிறது. அதற்குத் தக்கபடி பலகையை மறுபடி திட்டமிட வேண்டும் என்று சொல்லித்தர அன்று ஆள் இல்லை.

ஒன்றை மட்டும் சீடர் விடவில்லை. புள்ளியைக் குருநாதர் வைத்தபடியே ஒரே அழுத்தில் வைத்தார்.

ஐந்து கடை, ஐந்து எழுத்து

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மகன் காலத்தில் கிளைகள் திறந்தன. பெயிண்டருக்குப் பதில் வினைல் வெட்டும் இயந்திரம் வந்தது, அதன்பின் ஃபிளெக்ஸ். ஆத்தூர்ப் பலகையை ஆத்தூரிலேயே செய்தார்கள், இராசிபுரத்தினுடையதை இராசிபுரத்தில். அந்நாளில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியேற்றத்தில், அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற தனி ஏற்பாட்டில், இருந்தன. 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டைத் தரப்படுத்திய பிறகும் டி.டி.பி. மையங்களில் பழைய எழுத்துருக்களே ஓடின. சேலத்தில் அடித்த கோப்பை ஆத்தூரில் திறந்தால் கொக்கியும் குறியுமாகத் தெரியும். எனவே அங்கே இருக்கும் எழுத்துருவில் மறுபடி அடிப்பார்கள். ஐந்து கடைக்கும் ஐந்து விதமான லகரம் வந்தது இப்படித்தான். கெட்ட எண்ணம் கொண்டவர் யாரும் இதில் இல்லை.

சாய்சதுரப் புள்ளி இந்த இடத்தில்தான் செத்தது. எழுத்துருக்களில் புள்ளி வட்டம். சிலவற்றில் அது மிகச் சிறிய வட்டம், புத்தகத்தில் படிப்பதற்காக வரைந்தது. அதையே எட்டடி நீளத்துக்குப் பெரிதாக்கியபோது ‘விற்பனைச்’ என்பது தெருவிலிருந்து ‘விறபனைச’ என்று தெரிந்தது.

ஒரு லோகோ வந்தது

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வெளியூர் விளம்பர நிறுவனம் ஒன்று ஒரே லோகோ செய்துகொடுத்தது. ஆங்கிலத்தில் இரண்டு முதலெழுத்துகள், அவற்றைச் சுற்றி ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு வழியும் ஒரு வளைவு, கீழே சிறியதாகத் தமிழ்ப்பெயர். ஐந்து கடைக்கும் ஒரே அடையாளம் வேண்டும் என்ற அவர்கள் நோக்கம் சரியானதே. ஆனால் கடையின் பழைய பொருள் எதையும் அவர்கள் கேட்டு வாங்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழ், கணினியோடு வந்த எழுத்துருவில் அப்படியே அடிக்கப்பட்டிருந்தது.

பலகையில் அது ஏறியதும் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்கவேண்டும். அடுத்து ஆங்கிலம், அடுத்துப் பிறமொழி, 5:3:2 என்ற விகிதம். லோகோவில் விகிதம் தலைகீழாக இருந்தது. பலகையில் மட்டும் தமிழைப் பெரிதாக்கினார்கள், பையிலும் பில்லிலும் பழையபடியே விட்டார்கள். ஒரே அடையாளம் வேண்டுமென்று செய்த லோகோ, முதல் ஆண்டிலேயே இரண்டாகப் பிரிந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் கேப் என்ற ஆயத்த ஆடைக் கடைத்தொடர், 2010 அக்டோபரில் தன் நீலப் பெட்டி லோகோவை எடுத்துவிட்டு, சாதாரண எழுத்துருவில் பெயரை அடித்து, ஓரத்தில் ஒரு சிறு நீலச் சதுரம் வைத்தது. வாங்குகிறவர்கள் கொதித்தார்கள், ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழையது திரும்பிவந்தது. நம் கடைக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. சேலத்து வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு எழுதமாட்டார், வந்து வேட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கடை அந்த லோகோவோடு ஆண்டுக்கணக்கில் இருந்தது.

பை திரும்பி வந்தது

2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. ஜவுளிக்கடைக்குத் துணிப்பை மறுபடி வந்தது. (அரசின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. இந்தக் கடை அதற்கு முன்பே மஞ்சள் பைக்குத் திரும்பிவிட்டது.)

பளபளக்கும் பிளாஸ்டிக்கில் நான்கு வண்ணத்தில் அச்சாகிய லோகோவைப் பருத்தித் துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து பார்த்தார்கள். வண்ணம் வழிந்து மாறும் வளைவு துணியில் ஏறவில்லை. ஒற்றை நிறத்தில் அடித்தபோது வளைவு ஒரு கறையாக நின்றது. சிறிய தமிழெழுத்தில் னகரத்தின் சுழிகள் மையால் அடைத்துப்போய்விட்டன. அச்சடிப்பவர், “இதற்கு முன் உங்கள் கடைப் பை நன்றாகத்தானே வந்துகொண்டிருந்தது? அந்தப் பிளாக் இருந்தால் கொடுங்கள்” என்றாராம். பேத்தி கிடங்கைக் கிளறியது அதற்காக. பிளாக் என் மேசைக்கு வந்தது அப்படித்தான்.

எது அடையாளம்?

குடும்பத்தில் இரண்டு கட்சி இருந்தது. தந்தைக்கு, செலவழித்துச் செய்த லோகோவைக் கைவிட மனமில்லை. மகளுக்கு, பிளாக்கில் உள்ளதை அப்படியே, துதிக்கையோடு, திரும்பக் கொண்டுவர ஆசை. என்னிடம் கருத்துக் கேட்டபோது, எனக்குத் தெரியவில்லை, வாங்குகிறவர்களிடம் கேட்போம் என்றேன்.

பிளாக்கிலிருந்து எடுத்த பெயரைப் பெரிதாக்கிச் சில அட்டைகள் செய்தேன். ஓர் அட்டையில் நிறம் மட்டும் பழையது, எழுத்து கணினியினுடையது. இன்னொன்றில் துதிக்கை உண்டு, புள்ளி வட்டம். மற்றொன்றில் புதிய ஐகாரம், புள்ளி சாய்சதுரம். விளம்பர நிறுவனத்தின் லோகோ ஓர் அட்டையில். ஆடிமாதக் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டம் சின்னக்கடை வீதி வழியாகப் போகும் ஒரு சனிக்கிழமை, கல்லாவுக்கு அருகில் உட்கார்ந்து, நெடுநாள் வாடிக்கையாளர்களிடம் ஒன்றே கேட்டேன்: “இதில் எது நம் கடை?”

லோகோவைக் காட்டியவர்கள் மிகச் சிலர், அவர்களும் பெரும்பாலும் இளையோர். வயதானவர்கள் துதிக்கை அட்டையை எடுப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். துதிக்கை அவர்களுக்குப் பழைய காலத்தை நினைவூட்டியது, இந்தக் கடையை நினைவூட்டவில்லை. அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் அதுதானே இருந்தது. பொன்னம்மாப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, மூன்றாவது அட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், புள்ளியின்மேல் விரலை வைத்தார். “இது. கல்கண்டு மாதிரி இருக்கும். என் கல்யாணப் புடவை வந்த பையில் இருந்தது, அரிசி போட்டு வைத்திருந்தேன்.”

அன்று மாலைக்குள் இன்னும் பலர் அதே அட்டையை எடுத்தார்கள். புள்ளியைச் சொல்லத் தெரியாதவர்கள்கூட, “இதுதான், ஆனால் ஏன் என்று சொல்ல வரவில்லை” என்றார்கள். அந்த விடை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதில் வியப்பு இல்லை என்று பிறகு தோன்றியது. வால்மார்ட் கடைத்தொடரின் பெயரெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் முதல் கடை. 1964-ல் பழைய மேற்கத்தியக் குடியேற்றக் காலத்தை நினைவூட்டும் எழுத்து. 1981-ல் அதை விட்டுத் தடித்த எளிய எழுத்து. 1992-ல் பெயரின் நடுவிலிருந்த சிறு இணைப்புக்கோட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு நட்சத்திரம் வைத்தார்கள். 2008-ல் பெயர் ஒரே சொல்லாக இணைந்தது, நட்சத்திரத்தின் இடத்தைப் பெயருக்குப் பின்னால் வந்த மஞ்சள் பொறி பிடித்துக்கொண்டது. இன்று அந்தப் பொறி மட்டும் தனியாக நின்றாலும் கடை தெரிகிறது. ஓர் எழுத்துக்கூட அல்லாத, வெறும் நிறுத்தக்குறியாக இருந்த இடம் அது. செவன்-இலெவன் பெயரில் எல்லாம் பெரிய எழுத்தாக இருக்க, கடைசி ‘என்’ மட்டும் சிறிய எழுத்து. கடைப்பெயரில் மனம் பற்றிக்கொள்வது பெரும்பாலும் இப்படி ஒரு சிறு இடத்தைத்தான். அந்த இடம் எது என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. தெரியாததால் முதலில் தூக்கி எறியப்படுவது அதுவே.

வரைதல்

துதிக்கை வேண்டாம் என்று முடிவாயிற்று. மகளுக்கு வருத்தம். ஆனால் 1978-க்குப் பிறகு பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு அது படிக்கத் தெரியாத எழுத்து. கணினியில் அடிக்கும்போதும் அது வராது. பலகையில் ஒன்று, கைப்பேசியில் வேறொன்று என்று மறுபடி பிரிந்துபோகும். துதிக்கை தந்த நெருக்கத்தை வேறு வழியில் கொண்டுவர முயல்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்கு என்னைப் பல வாரம் பாடாய்ப் படுத்தியது. இணைக்கொம்பின் இரண்டாம் சுழியை உயர்த்தி, லகரத்தின் தோளைத் தொடவைத்தேன். தாளில் மிக அழகாக இருந்தது. பழைய துதிக்கையின் எழுச்சியும் இருந்தது, புதிய எழுத்தாகவும் இருந்தது. அச்சிட்டு, கடைக்கு எதிர்ப்புறம் ஒட்டிவிட்டு, வீதியின் கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். ‘விற்பனெச் சாலெ’ என்று தெரிந்தது.

தவறு எளியது, ஆனால் தமிழுக்கே உரியது. ஐகாரத்துக்கும் எகரத்துக்கும் வேறுபாடு ஒரு சுழிதான். இரண்டாம் சுழி லகரத்தோடு சேர்ந்துவிட்டால் கண் அதை லகரத்தின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது, மிஞ்சுவது ஒற்றைக்கொம்பு. பலகைத் தொழிலில் பத்தடி தூரத்துக்கு ஓரங்குல உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது போதும். சுழிக்குள் சுழி வைத்த தமிழெழுத்துக்கு நான் அதைவிட மிகுதியாகவே வைப்பேன். சின்னக்கடை வீதி வேறு குறுகல். பலகையை நேராகப் பார்ப்பவர் குறைவு, நடந்து வருபவர் எல்லோரும் சாய்கோணத்தில் பார்க்கிறார்கள். சாய்வில் எழுத்தின் அகலம் சுருங்கும், உயரம் சுருங்காது. அகலத்தில்தான் நம் ஐகாரம் வாழ்கிறது.

ஆறாவது வரைவில் வழி கிடைத்தது. சுழிகள் இரண்டையும் சம அளவில், உள்வெளி (சுழிக்குள் இருக்கும் வெற்றிடம்) திறந்து, எழுத்திலிருந்து தெளிவாகப் பிரித்தேன். எழுச்சியைச் சுழியில் வைக்காமல், இரண்டாம் சுழியிலிருந்து புறப்பட்டு எழுத்தை நோக்கி வரும் கடைசிக் கோட்டில் வைத்தேன். அது மேல்கோட்டைச் சற்றே தாண்டி எழுந்து, லகரத்தைத் தொடாமல் நின்றது. இடைவெளி பிரஷ் நுனியின் அகலம். கடைப் பணியாளர் ஒருவரின் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளிடம் வீதிக்கோடியிலிருந்து காட்டினோம். எழுத்துக் கூட்டாமல் ‘சாலை’ என்று சொல்லிவிட்டு, எதற்காக எல்லோரும் சிரிக்கிறோம் என்று புரியாமல் நின்றாள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பகரத்துக்குப் பழைய வயிற்றைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு இடம் வேண்டி ‘விற்பனைச்’ என்பதையும் ‘சாலை’ என்பதையும் பலகையில் ஒரே வரியாகவும், பையில் இரண்டு வரியாகவும் அமைத்தேன். ஆங்கிலப் பெயர் அதே தடிமனில் கீழே, உயரத்தில் ஐந்துக்கு மூன்று. நிறம் ஒன்றே, கருஞ்சிவப்பு. வழிந்து மாறும் வண்ணம் எங்கும் இல்லை. இரண்டு வரியாக அமைத்ததில் ச் என்ற எழுத்து வரியின் கடைசியில் தனித்து நிற்கிறது, அது எனக்கு இன்றும் நிறைவளிக்கவில்லை. ஒற்றெழுத்தை எடுத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரு கடை தன் பெயரையே பிழையாக எழுதுவதற்கு நான் உடன்பட மாட்டேன் என்றேன்.

செயலாக்கத்தில் பை முதலில் வந்தது, அடுத்து பில், அடுத்து சேலம் பலகை. மற்ற ஊர்களில் பலகை பழுதாகும்போது மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஆத்தூரில் இன்னும் ஃபிளெக்ஸ்தான் இருக்கிறது.

ஏற்காட்டுப் பனி

ஏற்காட்டுக் கடை தனிப்பாடம் நடத்தியது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஒண்டிக்கடைப் பக்கம் சிறிய கிளை. கம்பளி, சால்வை, குழந்தைகளுக்குக் குல்லா. கோடை விழா நாட்களில்தான் பெரிய விற்பனை. மற்ற மாதங்களில் மாலையானால் பனிமூட்டம் இறங்கிவிடும்.

சேலத்தில் செய்ததுபோலவே எழுத்துக்குள் எல்இடி வைத்து, எழுத்தே ஒளிரும்படி பலகை செய்தோம். சேலத்தில் இரவில் அழகாக எரிந்த எழுத்து, ஏற்காட்டில் முதல் மாலையிலேயே கரைந்துபோயிற்று. பனித்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் ஒரு வெண்வட்டம் எழுந்து, பக்கத்துக் கோட்டின் வட்டத்தோடு கலந்துவிடுகிறது. முதலில் அடைபட்டது னகரத்தின் சுழி, அடுத்து கொம்பின் இரண்டு சுழி. நான் பாடுபட்டுத் திறந்துவைத்த உள்வெளி எல்லாவற்றையும் மலைக்காற்று ஒரு நொடியில் நிரப்பியது. இரண்டு புள்ளிகள் மட்டும் தெரிந்தன. உடலிலிருந்து விலகி, மேலே தனியே நின்றதால் அவை கரையவில்லை.

தீர்வைத் தலைகீழாக்கித் தேடினோம். எழுத்தை ஒளியில்லாத அடர்ந்த நிறத்தில் தகட்டில் வெட்டி, பின்னால் மங்கிய மஞ்சள் ஒளி பரவும் தரை வைத்தோம். ஒளி சிதறினாலும் அது தரையிலேயே சிதறுகிறது, எழுத்து இருட்டாக நிற்கிறது. எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியும் சற்றுக் கூட்டினோம். சேலத்துப் பலகையையும் ஏற்காட்டுப் பலகையையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். அவரவர் ஊரில் வைத்துப் பார்த்தால் ஒன்றாகவே தெரிகின்றன. இதைக் குடும்பத்தாருக்கு விளக்க எனக்கு நேரம் பிடித்தது. ஏற்காட்டுக்கு அழைத்துப்போய் மாலை ஆறரை மணிக்குக் காட்டியபோது விளக்கம் தேவைப்படவில்லை.

குகையிலிருந்து வந்தவர்

சின்னக்கடை வீதிக் கடைக்குள், கல்லாவுக்கு மேலே, மரப்பலகை ஒன்றில் பெயரைக் கையால் எழுதி வைக்கவேண்டும் என்று பேத்தி விரும்பினார். குகையில் இருக்கும் பெரியவரை அழைத்துவந்தோம். கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது, கை சற்று நடுங்கியது. நான் வரைந்த எழுத்தைப் பெரிய தாளில் எடுத்து அவர்முன் விரித்தேன்.

நீண்ட நேரம் பார்த்தார். லகரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐகாரத்தின் எழுந்த கோட்டைக் கட்டைவிரலால் வருடிவிட்டு, “நல்லது” என்றார். பிறகு புள்ளிக்கு வந்தார்.

“தம்பி, இது அளவெடுத்து வெட்டியதுபோல் இருக்கிறதே.”

அளவெடுத்துத்தான் வெட்டியிருந்தேன். பிளாக்கில் இருந்த புள்ளியின் நான்கு ஓரத்தையும் நேர்கோடாக்கியிருந்தேன். துத்தநாகத்தில் தேய்ந்துபோன குறை என்று நினைத்து, மேல் வலப்பக்கத்தில் இருந்த ஒரு சிறு நீட்சியைத் துடைத்திருந்தேன்.

அவர் பிரஷைப் பெயிண்டில் தோய்த்து, டப்பாவின் ஓரத்தில் இரண்டு பக்கமும் வழித்து, நடுங்கிய கையைக் குச்சியின்மேல் தாங்கிக்கொண்டார். பலகையைத் தொட்ட கணத்தில் நடுக்கம் நின்றது. ஓர் அழுத்து, வலப்பக்கமாக ஓர் எடுப்பு. புள்ளி விழுந்தது, மேல் வலமூலையில் மயிரிழை அளவு நீட்சியோடு.

“பிரஷ் எடுக்கும்போது வரும். எங்கள் ஐயா இதைத் துடைக்கவிட மாட்டார்.”

அன்றிரவு கோப்பைத் திறந்து, இரண்டு புள்ளியிலும் அந்த நீட்சியை வரைந்து சேர்த்தேன். ஓமலூர்ப் பலகைக்கான தகடு மறுநாள் வெட்டப்போக இருந்தது. வெட்டுபவரை அழைத்து, முன்பு அனுப்பிய கோப்பை அழித்துவிடுங்கள், புதியது வருகிறது என்றேன். அவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார். புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன்.